இருத்தலும் இருத்துதலும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989ஆம் ஆண்டில் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீண்ட விளக்கத்தைப் பெற்ற சொல், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட 'செட்' என்னும் வினை. அதன் பொருள்களை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. தனிவினையாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் காட்டப்பட்டன. எண்ணிக்கையைக் கண்டு வியப்பது எளிது. இத்தனை பொருள்களும் எவ்வழியே வந்து சேர்ந்தன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இச்சொல்லின் பிறப்பு எளிதில் விளங்கும். அமர்தலைக் குறிக்கும் 'சிட்' தன்வினை. அமரச் செய்தலைக் குறிக்கும் 'செட்' அதன் பிறவினை. பழைய ஆங்கிலத்தில் இவை 'சிட்டன்', 'செட்டன்' என வழங்கின. நாம் 'இரு' என்பதை 'இருத்து' என்றும், 'வீழ்' என்பதை 'வீழ்த்து' என்றும் ஆக்குவது போன்றதே இது. விழுதலுக்கு 'ஃபால்', மரத்தை வீழ்த்துதலுக்கு 'ஃபெல்' என்பதும் இவ்வகையே. அவர்களிடமும் பண்டு ஒரு பிறவினை விகுதி இருந்தது. அது தேய்ந்து மறைந்தபோது, உயிரொலி மாற்றத்தை மட்டும் அடையாளமாக விட்டுச் சென்றது.

இருத்துதல் என்னும் கருப்பொருளிலிருந்து மற்றவை கிளைத்தன. பொன்னில் மணியை இருத்தினால் பதித்தல். முறிந்த எலும்பை அதன் இடத்தில் இருத்தினால் எலும்பு கட்டுதல். கோழியை முட்டைமேல் இருத்தினால் அடைவைத்தல். இடத்தில் நிலைபெறுவது அசையாது. ஆகவே சிமெண்ட் இறுகுவதும் கூழ்மம் உறைவதும் அச்சொல்லுக்குள் அடங்கின. மனத்தில் நிலைபெறுவது முடிவு. ஆகவே விலையும் நாளும் வினாத்தாளும் அதன் வழியே குறிக்கப்பட்டன. ஞாயிறு மறைவதையும் அதே சொல் சுட்டுகிறது.

பெயர்ச்சொல்லின் கதை சற்று வேறு. தேநீர்க் கோப்பைகளின் தொகுதியைக் குறிக்கும் 'செட்', 'பின்பற்றுவோர் கூட்டம்' எனப் பொருள்படும் 'செக்டா' என்னும் இலத்தீன் சொல்லோடு, பழைய பிரெஞ்சு வழியாக, உறவுடையது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதன் உடன்பிறப்பு. வேறு குடியில் பிறந்த அச்சொல், ஒலியொப்புமையால் வினையோடு கலந்து, இன்று அதன் பிள்ளையைப் போலவே தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்தது எப்படி? 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், 'டேக்' என்னும் ஒரு வினைக்கே 134 பொருள்களை வகுத்துக் காட்டியிருந்தார். எனினும் ஒவ்வொரு சொல்லின் வாழ்க்கையையும் தொடக்கமுதல் எழுத வேண்டும் என்ற எண்ணம் 1857இல் இலண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்டு டிரெஞ்ச் ஆற்றிய உரைகளால் வலுப்பெற்றது. அகராதியாளர் மொழியின் வரலாற்றாசிரியரே அன்றித் தீர்ப்புரைப்பவர் அல்லர் என்பது அவர் கொள்கை. 1879இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, பொதுமக்களின் துணையை வேண்டினார். படித்த நூலில் ஒரு சொல் வந்த வாக்கியத்தையும், நூலின் பெயரையும், ஆண்டையும் சிறு தாளில் எழுதியனுப்பினர் வாசகர்கள். அத்தகைய துண்டுத்தாள்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. 'செட்' அடங்கிய பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டு நகரில் கத்தி செய்யும் நிறுவனமொன்றில் எழுத்தராக நெடுங்காலம் பணியாற்றி, மொழிகளைத் தாமே கற்றவர் அவர். 1884இல் முதற்பகுதி வெளிவந்த அகராதி 1928இல் நிறைவுற்றபோது மர்ரேயும் பிராட்லியும் உயிரோடு இல்லை. முதலில் பொருளை வகுத்துப் பின்னர் எடுத்துக்காட்டுத் தேடியவர்கள் அல்லர் அவர்கள். வாக்கியங்களை அடுக்கி, அவற்றிலிருந்தே பொருளைக் கண்டவர்கள்.

இதை நம் வகுப்பறையில் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மாணவர் பேச்சில் 'செட் பண்ணு', 'செட் ஆகிவிட்டது' என்னும் தொடர்கள் பெருகிவருகின்றன. கடன்சொல் புகுவதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால், தயிர் உறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது, கல் பதிக்கப்படுகிறது, பாடலுக்கு இசை அமைக்கப்படுகிறது என நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் வினைகளை அந்த ஒரு தொடர் விழுங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அச்சொல் பல நூற்றாண்டுகளில் ஈட்டிய வளம் நம் வாயில் வறுமையாகிறது.

பல பொருள் சுமக்கும் வினை நம்மிடமும் உண்டு. பெயர் வைக்கிறோம், தீ வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், தேர்வு வைக்கிறோம், நம்பிக்கை வைக்கிறோம். துணைவினையாகி, 'உட்கார வை' எனப் பிறவினையையும் அதுவே ஆக்குகிறது. 'செட்டன்' தொடக்கத்தில் செய்த வேலையும் அதுதான். ஆசிரியர்கள் ஒரு வாரம் மாணவரிடம் துண்டுத்தாள்களைக் கொடுத்து, வீட்டிலும் கடையிலும் நூலிலும் 'வை' வரும் வாக்கியங்களைத் தேதியுடன் எழுதிவரச் சொல்லலாம். வார இறுதியில் அவற்றை மேசைமேல் பரப்பி, எது எதனோடு சேரும் என்று மாணவரே பிரித்து அடுக்கட்டும்.