சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கைகளிலும் முதியவர்களிடம் நாம் பலமுறை கேட்ட முறையீடு இது: 'சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை.' செவிச்சோதனைத் தாளோ 'வயதுக்கேற்ற அளவு' என்று முடித்துவிடுகிறது. வீட்டாரும் 'வேண்டியது மட்டும் காதில் விழும்' என்று நகைக்கின்றனர். இந்த முரணின் வேர் சோதனையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இசைக்கவையையும் கடிகாரத்தின் டிக்டிக் ஒலியையும் கொண்டு செவியை அளந்தனர். 1922இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து 1-ஏ என்னும் ஆடியோமீட்டர் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் ஹார்வி ஃபிளெட்சர். அமைதியான அறையில் ஒற்றைத் தூய ஒலியை ஒலிக்கச் செய்து, செவிக்கு எட்டும் மிகக் குறைந்த அளவைக் குறிப்பதே இன்றும் அடிப்படை முறை. அதே ஃபிளெட்சர், தொலைபேசியில் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதையும் ஆராய்ந்தவர். கேட்பது வேறு, விளங்குவது வேறு என்பது அன்றே தெரிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரில் செவித்திறன் குன்றிய வீரர்களுக்காக ரேமண்ட் கார்ஹார்ட் முதலியோர் சொற்களைக் கொண்டு சோதிக்கும் முறையை வளர்த்தனர். சொல் என்றாலே மொழி வந்துவிடுகிறது. ஆங்கிலப் பட்டியல் தமிழ்ச் செவிக்கு உதவாது. 1965இல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனத்தின் ஆய்வுகள் வழியே 1970களில் தமிழுக்கும் சொற்பட்டியல் அமைந்தது.

முதுமையில் முதலில் தேய்வது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் பேச்சின் ஓசை குறைவதில்லை. வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய குறிப்புகளே மங்குகின்றன. தியாகராய நகர்க் கடையின் இரைச்சலில் 'பட்டு' என்பது 'பத்து' என்று விழுவது அதனால்தான். மேலும், 2009இல் குஜாவா, லிபர்மன் இருவரும் சுண்டெலிகளிடம் ஒன்றைக் கண்டனர்: பேரிரைச்சலுக்குப் பின் ஒலியுணர் அளவு பழைய நிலைக்கு மீண்டாலும் செவி நரம்பின் இணைப்புகள் பல மீளவில்லை. மனிதரிடம் இதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

1982இல் வென்ட்ரி, வைன்ஸ்டைன் ஆகியோர் முதியவர்களுக்கென 25 வினாக்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டனர். உறவினர் வீட்டில், கடையில், கூட்டத்தில் செவி எப்படித் தடுக்கிறது என்று முதியவரையே கேட்டது அது. ஒரே அளவு வரைபடம் உள்ள இருவரின் துயரம் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே, தாளைக் காட்டி முதியவர் சொல்லை மறுப்பது அறிவுடைமை ஆகாது. இரைச்சலுக்கிடையே சொல் விளங்குகிறதா என்றும் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தி, முகம் பார்த்து, நிதானமாகப் பேசலாம். விளங்காத பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்குபவர், நாளடைவில் நம்மிடமிருந்தே ஒதுங்கிவிடுகிறார்.