பனிவெளியும் அரியலூர்க் கற்களும்



என்னிடம் பயின்ற ஒருவர் வடதுருவத்தை அடுத்துள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் சென்ற குளிர்காலத்தில் போய்வந்தார். அங்கே அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை கதிரவன் அடிவானத்துக்குமேல் எழுவதில்லை. ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியில் ஏறி, துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியின் பின்னே வரிசையாகச் செல்ல வேண்டுமாம்; துப்பாக்கி பனிக்கரடிக்காக. இவற்றை விரித்துரைத்தபின், "ஐயா, வெயில் காயும் நம் அரியலூருக்கும் பனிவெளிக்கும் ஏதேனும் தொடர்பு இருக்க முடியுமா?" என்று நகைத்தவாறே வினவினார். உண்டு என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஓடைகளிலும் அரியலூர்ப் பாறைகளிலும் நத்தைபோல் சுருண்ட கற்கள் கிடைப்பதுண்டு. அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் ஓடுகள் அவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் அலைமோதியது என்பதற்கு அவையே சான்று. (வைணவர் போற்றும் சாளக்கிராமமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே, ஆயின் அது இமயத்துக்கு உரியது.) இந்நிலத்தை அளந்தாய்ந்த ஹென்றி பிளான்போர்டின் அறிக்கை 1862இல் வெளிவந்தது. கிடைத்த ஓடுகளை ஒவ்வொன்றாக விவரித்துப் பெயரிட்ட பெரும்பணி, மொரேவியா நாட்டிலிருந்து வந்து இந்திய நிலவியல் துறையில் சேர்ந்த பெர்டினாண்டு ஸ்டோலிக்சுகாவுடையது. ஓர் அரியலூர்ச் சிப்பிக்குக் 'காளிகா' என்று அவர் பெயர் சூட்டினார்.

அப்பெருநூலின் இறுதிப் பகுதி 1873இல் அச்சேறியது. அதே ஆண்டில் அவர் யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் புறப்பட்டார். அந்நாளில் பனிவண்டி ஏது? மட்டக் குதிரைகளும் சுமைகாரர்களுமே துணை. திரும்பி வருகையில் காரகோரம் கணவாயைக் கடந்தபின், காற்று மெலிந்த அவ்வுயரம் அவர் உடலை வென்றது. 1874 சூன் 19 அன்று லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் உயிர் நீத்தார். வயது 36. அவர் கல்லறை லே நகரில் இருக்கிறது. நம்மூர்க் கிளிஞ்சலுக்குப் பெயர் வைத்தவர் பனிமலை நடுவே துஞ்சினார் என்பதை நான் பள்ளியில் படித்ததில்லை. ஆசிரியனான பின்னரே அறிந்தேன்.

இனி வடகோடியை விட்டுத் தென்கோடிக்குச் செல்வோம். 1902இல் சுவீடன் நாட்டு ஓட்டோ நோர்டன்ஷோல்டு, அண்டார்க்டிகாவை ஒட்டிய ஸ்நோ ஹில் தீவில் ஐந்து துணைவரோடு குளிர்காலம் கழித்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் பனிமேல் ஏறத்தாழ ஒரு மாதம் பயணம் செய்தார். அவர்களை அழைத்துவர வேண்டிய 'அண்டார்க்டிக்' கப்பலோ 1903 பிப்ரவரியில் பனிக்கட்டிகளால் நெருக்குண்டு மூழ்கியது. இரண்டாவது குளிர்காலத்தையும் அங்கேயே கழித்தவர்களை நவம்பரில் அர்ஜெண்டினாவின் 'உருகுவாய்' கப்பல் மீட்டது. கப்பல் போயிற்று, அத்தீவில் பொறுக்கிய கற்கள் தப்பின. அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கிலியானும் ரெபூலும் 1909இல் எழுதியதைக் கேளுங்கள்: அந்த அம்மோனைட்டுகளுக்கு நெருங்கிய உறவினர் தென்னிந்தியப் பாறைகளிலேயே உள்ளனர்! அவர்கள் வகுத்த 'குன்னாரைட்டீஸ்' என்னும் பேரினத்தில் இன்று ஸ்நோ ஹில் ஓடும் நம் 'காளிகா'வும் அருகருகே வைக்கப்படுகின்றன.

இது எங்ஙனம் இயலும்? இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டத்தின் பகுதிகள். அவை பிரிந்து விலகிய பின்னும், இடையே விரிந்த கடல் இவ்வுயிர்களுக்கு வழியாயிற்று. அன்று தென்துருவ நிலத்தில் காடுகள் இருந்தன. இன்று காணும் பனிக்கவசம் பிற்காலத்தது.

கிலியானால் ஒப்பிட முடிந்ததன் காரணம், எந்தச் சிப்பி எந்த ஊரில், எந்தப் படுகையில் கிடைத்தது என்பது முன்னரே பதிவாகியிருந்ததுதான். இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மாணவர்களைக் காரைக்கும் சுண்ணாம்புச் சுரங்கங்களுக்கும் அழைத்துச் சென்றேன். கூடை நிறையக் கற்கள் கொணர்ந்தோம். இடம் குறிக்கச் சொல்ல மறந்தேன். சில ஆண்டுகள் கழித்துக் குறிக்கலாமே என்று திரும்பப் போனபோது, நாங்கள் நின்ற சுரங்க முகப்பு இல்லை. அப்பாறை சிமெண்டாகிப் போயிருந்தது. அக்கற்களில் ஒன்று இன்றும் என் மேசைமேல் தாள்கள் பறவாமல் கிடக்கிறது. அழகிய சுருள்தான், எவ்வூர்க் கல்லென்று எவர் கேட்டாலும் என்னிடம் விடையில்லை.