பயிரை மேயும் வேலி

வேலியே பயிரை மேய்ந்தால் காப்பவர் யார் என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. மனித உடலைக் குறித்து அதே கேள்வியை 1900-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் பவுல் எர்லிக் என்னும் மருத்துவ அறிஞர் எழுப்பினார். நோய்க் கிருமிகளுக்கும் அவற்றின் நச்சுகளுக்கும் எதிராகக் குருதியில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன என்பது அதற்குள் உறுதிப்பட்டிருந்தது. புறப்பகையை அழிக்கும் இவ்வாற்றல், உடலின் சொந்த அணுக்கள்மேல் பாயாதிருப்பது எவ்வாறு?

எர்லிக்கும் அவருடன் உழைத்த மோர்கன்ராத்தும் ஆடுகளைக் கொண்டு சோதித்தனர். ஓர் ஆட்டின் குருதியை வேறோர் ஆட்டினுள் செலுத்தியபோது, அது அந்த அயல் செவ்வணுக்களைச் சிதைக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கியது. தன் சொந்தச் செவ்வணுக்களையோ அது சிதைக்கவில்லை. உடல் தனக்குத் தானே நஞ்சாவதற்கு அஞ்சுகிறது என்னும் பொருள்பட, இதனை 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்றார் எர்லிக். அச்சத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு கிரேக்க வேரில் பிறந்த சொல்லைச் சேர்த்து அமைத்த தொடர் அது.

அவர் சொன்னது அத்தோடு முடியவில்லை. உடலில் இத்தாக்குதலைத் தடுத்து நெறிப்படுத்தும் ஏற்பாடுகள் இருத்தல் வேண்டும், அவை தவறினால் நோய் விளையலாம் என்பதும் அவர் கருத்து. ஆயினும் 1908-இல் நோபல் பரிசு பெற்ற அப்பேரறிஞரின் தொடரை மனத்தில் இருத்திக்கொண்ட பின்வந்தோர், அவர் விட்டுச்சென்ற கேள்வியை மறந்தனர். 'அஞ்சுகிறது' என்றது நாளடைவில் 'இயலாது' என்றாகிவிட்டது.

மாற்றுச் சான்று இல்லாமற் போகவில்லை. 1904-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர் அதனைக் கண்டனர். குளிர் தாக்கியபின் சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய நோய் உண்டு. அந்நோயாளியின் குருதியைக் குளிரவைத்துப் பின் உடற்சூட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவருடைய எதிர்ப்பொருளே அவருடைய செவ்வணுக்களைச் சிதைத்தது. எனினும் இது ஒரு விதிவிலக்கு என்றே பெரும்பாலோர் எண்ணினர். இவ்வாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

1956-இல் திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயெல் ரோஸ், எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகியோர், முயலின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை அதே முயலுக்குள் செலுத்தி அதன் சுரப்பி அழற்சியுறுவதைக் காட்டினர். விட்டெப்ஸ்கியின் ஆசிரியரோ எர்லிக்கிடம் பயின்றவர். தம் குருபரம்பரை காத்துவந்த கருத்துக்கு மாறான முடிவைத் தாமே வெளியிடும் நேர்மை அவருக்கு இருந்தது. அதே ஆண்டு இலண்டனில் ரோய்ட், டோனியாக் குழுவினர், ஹாஷிமோட்டோ நோயுற்றோரின் குருதியில் தைராய்டுப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டனர். தன்னெதிர்ப்பு நோய்களின் வரலாறு இங்ஙனம் புதிதாய்த் தொடங்கியது.

அடுத்து எழுந்த கேள்வி, இந்நோய் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராதது ஏன் என்பது. விடையின் ஒரு பகுதி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1958-இல் பாரிசில் ஜான் டோசே, பலமுறை குருதியேற்றம் பெற்றவர்களின் குருதி நீர், பிறருடைய வெள்ளணுக்களோடு வினைபுரிவதை ஆராய்ந்து, எச்.எல்.ஏ. எனப்படும் மூலக்கூறுகளுள் முதலாவதைக் கண்டார். நம் ஆறாம் குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் இவற்றை ஆக்குகின்றன. ஆளுக்கு ஆள் வேறுபடும் இவை, உறுப்பு மாற்றத்தில் ஒப்புமை பார்க்கப் பயன்பட்டன.

இவற்றின் உண்மைப் பணியை விளக்கியது 1974-இல் ஆஸ்திரேலியாவில் டோகெர்ட்டியும் சிங்கர்நாகலும் எலிகளிடம் செய்த ஆய்வு. அணுவினுள் உள்ள புரதங்களின் துணுக்குகளை இம்மூலக்கூறுகள் ஏந்தி வெளியே காட்டுகின்றன; டி அணுக்கள் என்னும் காவலர்கள் அவற்றைச் சோதித்து, உற்றதா அயலதா என்று முடிவு செய்கின்றன. துணுக்கைத் தாங்கும் பள்ளத்தின் வடிவத்தையே 1987-இல் பியார்க்மன், வைலி குழுவினர் படிகமாக்கிக் கண்டனர். பள்ளத்தின் வடிவம் மாறினால் ஏந்தும் துணுக்கும் மாறும். காவலர் காணும் காட்சியும் மாறும்.

1973-இல் இலண்டனில் பிரூவர்ட்டன் குழுவினர் ஒரு கணக்கை வெளியிட்டனர். முதுகெலும்பு மூட்டுகள் இறுகிப்போகும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயுற்ற 75 பேரில் 72 பேரிடம் பி-27 என்னும் எச்.எல்.ஏ. வகை இருந்தது. அந்நோயில்லாத 75 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது காணப்பட்டது. இத்துணை நெருக்கமான தொடர்பு மருத்துவத்தில் அரிது.

ஆயின் இக்கணக்கைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். பி-27 உடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு அந்நோய் வருவதே இல்லை. மேலும், எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பி-27 உடையோர்க்கு நோய் முற்றுவது தாமதப்படுகிறது. டி.கியூ. 6.2 என்னும் இன்னொரு வகை, சிறுவயதில் தோன்றும் முதல்வகை நீரிழிவிலிருந்து காக்கிறது. கட்டுக்கடங்காத உறக்கம் வந்து வீழ்த்தும் நார்கோலெப்சி நோய்க்கோ அதுவே வாயிலாகிறது. இவற்றுள் முற்றிலும் நல்லதென்றோ தீயதென்றோ ஒன்றைச் சுட்ட முடியாது. இத்தனை வகைகள் நம்மிடையே நிலைத்திருப்பதால்தான், ஒரே கொள்ளைநோய் நம் அனைவரையும் ஒருசேர வீழ்த்துவது கடினமாகிறது. காக்கும் வேலி பலவகை மரங்களால் ஆனது. அதனால் சில வீடுகளில் பயிர் இழப்பு நேர்கிறது.

எர்லிக் தேடிய கட்டுப்பாட்டு ஏற்பாடும் கிடைத்தது. 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சாகாகுச்சி, பிற காவலணுக்களை அடக்கி நிறுத்தும் தனிவகை டி அணுக்களை இனங்காட்டினார். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், ஃபாக்ஸ்பி-3 என்னும் மரபணு பழுதுபட்டால் உடல் தன்னையே தாக்குவதைக் கண்டனர். இவ்வணுக்கள் உருவாக அம்மரபணு இன்றியமையாதது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூவரும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

நோயுற்ற ஒருவர் 'நான் என்ன பாவம் செய்தேன்?' என்று கேட்பதும், அக்குடும்பத்தில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் உற்றார் தயங்குவதும் நாம் அறிந்தவையே. இந்நூற்றாண்டு வரலாறு அவர்களுக்குச் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்று உண்டு. மரபுவழி வருவது நோயன்று, நோய்க்கான சாய்வு. ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரிலும் ஒருவர் நோயுற மற்றவர் நலமாய் வாழ்வதுண்டு. முடக்குவாதத்தில் அச்சாய்வு உடையோர்க்குப் புகைப்பழக்கமும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது என்பதால், தவிர்க்கக்கூடியவையும் உள்ளன. எர்லிக்கின் ஒரு தொடரைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மருத்துவ உலகம் அரை நூற்றாண்டை இழந்தது. ஒரு குருதிச் சோதனையின் முடிவைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்வை நாம் முடக்கிவிடலாகாது.