பாய் முதல் செனில் முஸல்லா வரை

தொழும் இடத்தின் தூய்மை தொழுகையின் நிபந்தனைகளுள் ஒன்று. மதீனாவில் முலைக்கா (ரலி) என்ற மூதாட்டி நபிகளாரை (ஸல்) விருந்துக்கு அழைத்தார். நெடுநாள் புழங்கிக் கறுத்திருந்த பாயில் அனஸ் (ரலி) நீர் தெளிக்க, நபிகளார் அதன்மீது நின்று தொழுவித்ததாகப் புகாரி நூல் பதிவு செய்கிறது.

தமிழகத்தில் பத்தமடை லெப்பைமார் கோரைப்பாய் நெய்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவானியின் பருத்தி ஜமக்காளம் பெயர்பெற்றது; அதன் தடித்த நெசவு உழைப்பைத் தாங்கும்.

இன்று மதுரை இல்லங்களில் விரியும் பருத்திச் செனில் முஸல்லா மென்மையானது. ‘செனில்’ என்பது கம்பளிப்பூச்சியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். முறுக்கிய நூல்களுக்கிடையே சிறு பஞ்சிழைகள் செருகி நிற்பதால் அப்பெயர். அழுத்தித் தேய்த்தால் அவ்விழைகள் உதிரும்.

ஆகவே ஆடிக்காற்றுப் புழுதியை முதலில் உதறுக. சாயம் கசிகிறதா என்று ஓரத்தில் நனைத்துப் பார்க்க. குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசல் சேர்த்து, கையால் அமுக்கி அலசுக. முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் கிடத்தி முழுதும் உலர்த்துக. நஜீஸ் பட்டிருப்பின் அதனை நீக்கித் தூய நீரால் கழுவுவது கடமை.

கறுத்த அப்பாய் எறியப்படவில்லை. நீர் தெளித்துத் தொழுகைக்கு விரிக்கப்பட்டது. உள்ள பொருளைப் பேணிப் பயன்படுத்தும் அவ்வழக்கம் நம் வீடுகளிலும் நிலைக்கட்டும்.