கடைசியில் வருபவரின் வேகம்

முதன்முறையாகக் குழுவோடு சைக்கிள் ஓட்டப் போனபோது பொம்மையார்பாளையத்தில் விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. பீச் ரோட்டில் ஏழரை வரைக்கும் வண்டிகள் விடமாட்டார்கள் என்பதால் அங்கேதான் கூடினோம். பதினோரு பேர். முத்தியால்பேட்டை தாண்டி, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரிக்குள் வரவேண்டும். எங்க ஊர் அப்படித்தான், துண்டு துண்டாகக் கிடக்கும். என் முன் சக்கரம், முன்னால் போன அண்ணாவின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருந்தது. அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக ஒதுங்கினார். சக்கரங்கள் உரசின. இப்படி உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான். "பள்ளம்!" என்று ஒரு குரல் வந்திருந்தால் தப்பித்திருப்பேன். அவர் நின்று "ஓகேவா?" என்று கேட்டார், நானும் வெட்கத்தில் ஓகே என்றேன். குழுவைப் பிடிக்க அவர் மிதித்துப் போய்விட்டார். ரத்தம் வழியும் முழங்கையோடு தனியாகத் திரும்பினேன்.

கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த வாரத்தில்தான் இந்தக் குழுவாக ஓட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கதை இத்தாலியில் தொடங்கி நேராகப் பிரான்சுக்குப் போகிறது.

1897இல் பன்னிரண்டு இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரை ஒரே பகலில் ஓட்டி முடித்தார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு 'ஆடாக்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1903இல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச், அடுத்த வருஷமே இதற்குப் பிரான்சில் விதிகள் எழுதினார். பந்தயத்தில் அவ்வளவு கறாரான மனிதர் இங்கே எழுதியது நேர் எதிரான ஒன்று. எல்லோரும் சேர்ந்தே ஓட்டவேண்டும். முன்னால் ஒரு 'சாலைக் கேப்டன்' போவார். அவரை யாரும் முந்தக்கூடாது. வேகம் முன்கூட்டியே தீர்மானித்தது, அது பிற்பாடு மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று நிலைத்தது. முடித்தவர்களுக்கு 'பிரவே', அதாவது சான்றிதழ். (புதுச்சேரிக்காரிக்குப் பிரவே என்றால் முதலில் ஞாபகம் வருவது பள்ளிக்கூடப் பரீட்சைதான். "அந்தக் காலத்துல பிரவே பாஸ் பண்ணவரு" என்று தாத்தாவைப் பற்றிச் சொல்லாத கல்யாண வீடே கிடையாது.)

அந்தக் காலப் புதுச்சேரித் தெருக்களில் ஓடியது புஷ் வண்டி. துரை உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்புவார், பின்னாலிருந்து நம்ம ஆள் தள்ளுவார். திசை ஒருவர் கையில், உழைப்பு இன்னொருவர் காலில். காலனி ஆட்சியை விளக்க வேறு படம் வேண்டாம்.

1921இல் பாரிஸ் கிளப்புக்கும் தெகிராஞ்சுக்கும் சண்டை. அவரவர் வேகத்தில் ஓட்டும் பிரவே தனியாகப் பிரிந்தது. இன்று சென்னையிலும் மற்ற இந்திய நகரங்களிலும் நடக்கும் 200 கிலோமீட்டர் பிரவேக்கள் இந்தக் கிளையில் வந்தவை. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், எப்படிப் போனாலும் உங்கள் பாடு. சைக்கிள்காரர்கள் 1921ஐ சுதந்திரம் என்று கொண்டாடுகிறார்கள். பழகியவர்களுக்கு அது சரிதான். ஆனால் முதல் நாள் வந்தவளுக்கு? நான் கேப்டன் கட்சி.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தாள். "இதுக்குப் பாரிஸ் வரைக்கும் போவணுமா? எங்க ஊருக்கு வந்திருக்கலாம்ல."

அம்மா பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் பக்கம் ஒரு கிராமம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் இயக்கத்துக்குள் கொண்டுவந்தார். அறிவொளிக்காரப் பெண்கள் ஊர் ஊராகப் போகவேண்டும், பஸ்ஸை நம்பிப் புண்ணியமில்லை என்பது ஒரு காரணம். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருக்கும் எண்ணிக்கைகள் இன்றைக்கும் மலைப்பாக இருக்கின்றன. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்து, புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் நுழைந்தார்கள். போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்டவர்கள் எல்லோர் முன்னிலும் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். அதில் ஒரு வசதி, பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாடகை சைக்கிளில் குரங்குபெடல் அடித்தே தொடங்கினாளாம்.

"பயமா இல்லையாம்மா?"

"தனியாப் போனா பயந்தான். ஆம்பளைங்க என்னென்னமோ சொல்லுவானுங்க. பத்துப் பேராப் போனா வாயத் தொறக்க மாட்டானுங்க. லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போவான்."

"யாராவது விழுந்தா?"

"ஒருத்தி விழுந்தா எல்லாரும் எறங்கிருவோம். அவ ஏறின பெறவுதான் மிதிப்போம். புதுசா வர்றவள நடுவுல விட்டுக்குவோம். கடைசில ஒரு அக்கா வருவாங்க."

தெகிராஞ்சின் விதிகள் குளத்தூர்ப் பக்கம் போயிருக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பெண்களுக்கு அது விளையாட்டும் இல்லை. ரோட்டில் இருக்க உரிமை உண்டா என்பதே அங்கே கேள்வி, கூட்டமாகப் போவதுதான் பதில்.

கட்டுப் பிரித்த பிறகு நானும் இரண்டு தோழிகளும் மறுபடி கிளம்பினோம். ஒருத்தி புதுசு, அவள்தான் நடுவில். முன் சக்கரத்துக்கும் முன்னே போகும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு சைக்கிள் நீளம். பள்ளம் வந்தால் கத்தவேண்டும், கையைக் கீழே காட்டவேண்டும். சொல்லாமல் பிரேக் பிடிக்கக்கூடாது. காலாப்பட்டு சுமார் 12 கிலோமீட்டர். பதினோரு பேர் குழு எங்களைக் கடந்து போனபோது அந்த அண்ணா கையசைத்தார், நானும் அசைத்தேன்.

போய்த் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாசலில் நின்றிருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி:

"கடைசில யாரு வந்தா?"

"நான்தாம்மா."