டல்விச் தோட்டமும் பேரரசுச் சூழலியலும்: லண்டன் பள்ளிகளில் வாழிடக் கல்வி வளர்ந்த வரலாறு

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லும் வழக்கம் லண்டனில் எப்போது தொடங்கியது என்பதற்கு இருவகை விடைகள் புழக்கத்தில் உள்ளன. தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935இல் 'எகாலஜி' இதழில் எழுதிய கட்டுரையில் 'ஈகோசிஸ்டம்' (சூழ்நிலை மண்டலம்) என்ற சொல் அச்சேறியதைத் தொடக்கமாகக் கொள்வது ஒன்று. 1970களில் எழுந்த சுற்றுச்சூழல் விழிப்பைத் தொடக்கமாகக் கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணந்தான்: கருத்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது, பாடநூலானது, கடைசியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தென் லண்டனின் டல்விச் பகுதியில் ஒரு பெண்கள் பள்ளி வளர்த்த தோட்டம் இந்த வரிசைக்குள் அடங்கவில்லை.

வரிசையை மிகுந்த திறமையோடு நிலைநாட்டியவர் அறிவியல் வரலாற்றாசிரியர் பெடர் அங்கர். 2001இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய 'இம்பீரியல் எகாலஜி' 1895 முதல் 1945 வரையிலான காலத்தை ஆராய்கிறது. சூழலியல் ஒரு துறையாகத் தழைத்ததற்குப் பிரிட்டிஷ் பேரரசின் ஆதரவே காரணம் என்பது அங்கரின் மைய வாதம். காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அவற்றை நம்பி வாழும் மக்களையும் ஒழுங்குபடுத்த ஆட்சியாளருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அக்கருவியை அறிவியலாளர்கள் செய்து கொடுத்தார்கள். இங்கிலாந்தில் டான்ஸ்லியும் விலங்கியலாளர் எல்ட்டனும் இயந்திர நோக்கில் இயற்கையை விளக்க, தென்னாப்பிரிக்காவில் அரசியல் தலைவர் ஸ்மட்ஸும் தாவரவியலாளர் ஜான் ஃபிலிப்ஸும் முழுமைவாதத்தை முன்வைத்தனர். 1935ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த மோதலில் விளைந்தது. டான்ஸ்லிக்கு ஃப்ராய்டின் உளவியலில் இருந்த ஈடுபாடும் அதற்கு உரமானது என்கிறார் அங்கர்.

இந்த வாசிப்பின் பெரும்பகுதி ஏற்கத்தக்கதே. காலனி ஆட்சியின் வனத்துறைச் சட்டங்களை அனுபவித்த நாட்டினருக்கு அதன் உண்மையைத் தனியாக எடுத்துச் சொல்லவும் வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. யார் பணம் கொடுத்தார்கள், யார் நியமித்தார்கள் என்று தேடும் ஆய்வு, பணமும் நியமனமும் புரளும் இடங்களையே பார்க்கும். பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட இடமல்ல. அங்கரின் வாதத்தில் பள்ளிக்கு மையமான இடம் எதுவும் இல்லை.

லண்டன் பள்ளி மரபோ 1935ஐ விடப் பழையது. தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869இல் லண்டன் இன்ஸ்டிட்யூஷனில் இளையோருக்காகத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதுவே 1877இல் 'ஃபிசியோகிராஃபி' என்ற நூலாயிற்று. லண்டன் பாலத்தின் கீழ் ஓடும் தேம்ஸில் தொடங்கி, அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, மழை, நிலம், உயிர் என்று வட்டத்தை விரித்துக்கொண்டே போவது அதன் முறை. கண்ணெதிரே உள்ள ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, அதோடு பிணைந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லும் இந்தப் போக்கே பின்வந்த எல்லாவற்றுக்கும் வேர். ஹக்ஸ்லி 1870 முதல் 1872 வரை லண்டன் பள்ளி வாரியத்தின் உறுப்பினராகவும் இருந்தார். எனினும் வாரியப் பள்ளிகளில் வேரூன்றியது இம்முறையன்று, பொருட்பாடம்தான். ஒரு முட்டை, ஓர் இறகு, ஓர் இலை என்று தனிப்பொருளை மேசையில் வைத்து அதன் பண்புகளைப் பிள்ளைகளைக் கொண்டு சொல்ல வைப்பார்கள். அங்கே உயிருக்கு வாழிடம் கிடையாது. 1902இல் ரீஜன்ட்ஸ் பூங்காவில் நடந்த இயற்கைப் பாடக் கண்காட்சியும், 1903இல் உருவான பள்ளி இயற்கைப் பாட ஒன்றியமும் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்ல முயன்றன. இவை பரவலாக எழுதப்பட்டவை என்பதால் இவ்வளவு போதும்.

டல்விச்சின் ஜேம்ஸ் ஆலன் பெண்கள் பள்ளிக்கு லிலியன் கிளார்க் 1896இல் அறிவியல் ஆசிரியையாக வந்தார். அவ்வாண்டே தாவரத் தோட்டம் தொடங்கியது. முதலில் அமைந்தவை குடும்பவாரிப் பாத்திகள்: அவரைக் குடும்பம் ஒரு பாத்தியில், ரோஜாக் குடும்பம் மற்றொன்றில். அக்காலத் தாவரத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் காணக்கூடிய ஏற்பாடுதான் இது. பூவின் உறுப்புகளை எண்ணி இனம் பிரிக்கப் பழகுவதற்கு அது போதும். பிறகு இந்தப் பாத்திகளுக்கு அப்பால் வேறுவகை நிலத்துண்டுகள் தோன்றின. குளம், நன்னீர்ச் சதுப்பு, ஹீத் புதர்வெளி, காட்டுத்துண்டு, மணல்மேடு, கூழாங்கல் கடற்கரை, உவர்ச் சேற்றுநிலம் என்று வாழிடம் வாழிடமாகத் தோட்டம் விரிந்தது. கடலே கண்ணில் படாத நகர்ப்புறத்தில், பள்ளி மதிலுக்குள், கடற்கரை உருவாக்கப்பட்டது. இவ்வேலைகளில் மாணவியரே ஈடுபட்டார்கள். பாத்திகளைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. பூக்களை மெல்லிய துணியால் மூடி வைத்து, பூச்சி வராவிட்டால் விதை பிடிக்கிறதா என்று பார்த்ததும் அவர்கள்தாம்.

பாத்தியிலிருந்து வாழிடத்துக்கு நேர்ந்த இந்த நகர்வை அழகுபடுத்தும் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. குடும்பவாரிப் பாத்தியில் ஒரு செடிக்கு அண்டைச் செடி அதன் உறவு. வாழிடத் துண்டில் அண்டைச் செடி அதன் போட்டியாளர், நிழல் தருவது அல்லது நிழலைப் பறிப்பது. உவர்மண்ணில் எது நிற்கிறது, எது வாடுகிறது என்ற கேள்வியைப் பாத்தியில் கேட்கவே வழியில்லை. பல்லுயிர் என்பதன் இரு பொருளும், அதாவது வகைகளின் பெருக்கமும் வாழுமிடங்களின் வேறுபாடும், ஒரே பள்ளி நிலத்தில் அருகருகே கிடந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போன சிறுமிக்கு விளக்கவுரை அதிகம் தேவைப்பட்டிருக்காது.

ஒவ்வொரு வாழிடமும் எந்த ஆண்டில் அமைந்தது என்பதைத் தனித்தனியே நிறுவுவது கடினம். அவை சிறுகச் சிறுகச் சேர்ந்தவை. ஆனால் பிந்திய எல்லை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கல்வி வாரியம் 1922இல் இத்தோட்டங்களின் வரலாற்றையும் அமைப்பையும் விளக்கும் ஒரு சிறுநூலை வெளியிட்டது. ஒரு பள்ளியின் தோட்டத்தை மற்றப் பள்ளிகளுக்கு முன்மாதிரியாக அரசே அச்சிட்டு அனுப்பியது என்றால், அம்முறை அதற்குள் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளத் தடையில்லை. 1922 என்பது 1935க்குப் 13 ஆண்டுகள் முந்தியது. கிளார்க் 1934இல் காலமானார். ஆய்வகத்திலும் தோட்டத்திலும் தாவரவியலைச் செய்முறை அறிவியலாகக் கற்பிப்பது பற்றிய அவருடைய நூல், டான்ஸ்லியின் கட்டுரை வெளிவந்த அதே 1935இல் வெளியாயிற்று. அவ்வாண்டின் இரு வெளியீடுகளில் ஒன்று மட்டுமே வரலாறுகளில் தொடக்கமாக நிற்கிறது.

அங்கருக்குத் திரும்பலாம். பேரரசுக்கும் சூழலியலுக்குமான பிணைப்புக்கு வலுவான சான்று 1926இல் டான்ஸ்லியும் டி. எஃப். சிப்பும் பதிப்பித்த தாவரப் பரப்பாய்வுக் கையேடு. அதன் முகப்புத்தாளைப் பார்த்தாலே போதும்: வெளியிட்டோர் பிரிட்டிஷ் பேரரசுத் தாவரப் பரப்புக் குழுவும் காலனிகளுக்கான முடியரசு முகவர்களும். இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1923இல், டான்ஸ்லி வெளியிட்ட 'பிராக்டிகல் பிளான்ட் எகாலஜி'யின் முகப்புத்தாள் வேறொன்று சொல்கிறது. தாவரச் சமுதாயங்களைக் களத்தில் பயிலும் தொடக்கநிலையாளருக்கான வழிகாட்டி என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. குழுவின் பெயரோ முகவரின் பெயரோ அந்த அறிமுகத்தில் இல்லை. ஒரே ஆசிரியர், மூன்றாண்டு இடைவெளி, இரு வேறு வாசகர்கள். 1926ஐ மையத்தில் வைத்து 1923ஐ ஓரத்தில் வைப்பது அங்கரின் வாதம் கோரும் தேர்வு. சான்றுகள் அப்படிக் கோரவில்லை.

1946இல் இது இன்னும் வெளிப்படையாகிறது. அவ்வாண்டு டான்ஸ்லி 1923ஆம் ஆண்டு நூலைத் திருத்தி வெளியிட்டதோடு, இ. பிரைஸ் எவன்ஸுடன் சேர்ந்து 'பிளான்ட் எகாலஜி அண்ட் தி ஸ்கூல்' என்ற நூலையும் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 75. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியிலிருந்து 1937இலேயே விலகியிருந்தார். நியமனத்துக்கோ நிதிக்கோ அவர் காத்திருந்த காலமன்று அது. பேரரசின் ஆதரவு ஒன்றே உந்துவிசை என்றால், அந்த வயதில் பள்ளி ஆசிரியர்களுக்கு நூல் எழுதியதை எவ்வாறு விளக்குவது? அவருடைய குடும்பப் பின்னணியே பொருத்தமான விடையைத் தருகிறது. தந்தை ஜார்ஜ் டான்ஸ்லி லண்டன் தொழிலாளர் கல்லூரியில் படித்து, பின்னர் அங்கேயே ஊதியமின்றிக் கற்பித்தவர். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் அக்கல்லூரிக்கே உழைத்தவர். பட்டம் பெறாதோருக்கும் அறிவியல் உரியது என்ற நம்பிக்கை அந்த வீட்டுக்குப் புதிதாக வந்ததல்ல. டான்ஸ்லி 1900–1901இல் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பயணம் செய்ததை எடுத்துக்காட்டிப் பேரரசுச் சார்பைச் சொல்வோர், இந்தத் தந்தையையும் அதே அளவு எடையோடு கருத வேண்டும்.

டல்விச் தோட்டத்துக்கும் பல்கலைக்கழகச் சூழலியலுக்கும் இருந்த தொடர்பு எத்தகையது? சான்று மெலிந்த இடம் இதுதான். ஆயினும் ஒரு பொருத்தம் கண்ணில் படுகிறது. மணல்மேடு, கூழாங்கல் கரை, உவர்ச் சேற்றுநிலம் என்ற மூன்றும் நார்ஃபோக்கின் பிளேக்னி முனையில் ஒன்றாக அமைந்தவை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் எஃப். டபிள்யூ. ஆலிவர் 1910 முதல் மாணவர்களை அழைத்துச் சென்று ஆராய்ந்த இடம் அது. 1912இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. டான்ஸ்லி முன்பு இதே ஆலிவரிடம் துணை ஆசிரியராக இருந்தவர். பிரிட்டிஷ் சூழலியல் கழகம் 1913இல் தோன்றியதும் அக்கல்லூரியிலேயே. ஆலிவரின் களம் டல்விச்சில் சிறு வடிவில் மறுபடி அமைக்கப்பட்டது என்பதே இந்த மூன்றின் சேர்க்கைக்கு இயல்பான விளக்கம். இது நிறுவப்பட்ட உண்மை அல்ல, ஊகம். ஆனால் இந்த ஊகம் சரியானாலும் பல்கலைக்கழகம் கொடுத்தது, பள்ளி வாங்கியது என்று முடித்துவிட முடியாது. ஆலிவரின் மாணவர்கள் இயற்கையாக அமைந்த கரையைப் போய்ப் பார்த்தார்கள். டல்விச் சிறுமியரோ அதைத் தங்கள் பள்ளியிலேயே உருவாக்கி, அழியாமல் காக்கவும் வேண்டியிருந்தது. மண், நீர், உயிர் மூன்றையும் சேர்த்தே ஓர் அமைப்பாக எண்ண வேண்டும் என்பதுதான் 1935ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம். வாழிடத்தைக் கட்டி எழுப்புபவருக்கு அப்படி எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லின் பிறப்பும் பொதுவாகச் சொல்லப்படுவது போல் அவ்வளவு நேரானதன்று. டான்ஸ்லி கேட்டுக்கொண்டதன் பேரில் அதைப் பரிந்துரைத்தவர் இளம் தாவரவியலாளர் ஏ. ஆர். கிளாஃபம். காலம் 1930களின் தொடக்கம். அதற்கு மேல் ஆண்டைக் குறுக்குவது பாதுகாப்பானதல்ல.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து மரபு இரு கிளையாகப் பிரிந்தது. முதலாவது நகரை விட்டு வெளியேறியது. லண்டன் மாவட்ட மன்றத்தின் பள்ளி ஆய்வாளரான ஃபிரான்சிஸ் பட்லரின் முயற்சியால் 1943இல் களப்பயிற்சி மன்றம் உருவாயிற்று. 1946இல் சஃபோக்கின் ஃபிளாட்ஃபோர்டு மில்லில் அதன் முதல் மையம் திறந்தது. 1947 முதல் டான்ஸ்லி அதன் தலைவர். பள்ளி ஆய்வாளர் ஒருவர் தொடங்கிய அமைப்புக்குச் சூழலியலின் மூத்தவர் பிறகு வந்து தலைமை ஏற்றார் என்ற வரிசையும் இங்கே கவனத்துக்குரியது. இரண்டாவது கிளை நகருக்குள்ளேயே நின்றது. டவர் பாலத்துக்கு அருகே லாரிகள் நின்ற வெற்றிடத்தில் 1977இல் வில்லியம் கர்ட்டிஸ் சூழலியல் பூங்கா உருவானது. முன்னின்றவர் மேக்ஸ் நிக்கல்சன். லண்டன் தாவரங்களை 'ஃபுளோரா லண்டினென்சிஸ்' என்ற பெருநூலில் பதிவு செய்த 18ஆம் நூற்றாண்டுக் கர்ட்டிஸின் பெயர் அதற்கு இடப்பட்டது. நகரப் பிள்ளைகள் குளத்தில் வலை வீசிப் புழுபூச்சிகளை எடுத்துப் பார்த்த அந்த இடம் 1985இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் கிங்ஸ் கிராஸில் பழைய நிலக்கரிக் களத்தில் கேம்லி தெரு இயற்கைப் பூங்கா திறந்தது, இன்றும் இயங்குகிறது. கர்ட்டிஸ் பூங்காவை நகரச் சூழலியல் பூங்காக்களில் முதலாவது என்பது சரி. நகரப் பிள்ளைகளுக்காக வாழிடத்தைச் செய்து காட்டிய முதல் முயற்சி என்றால் டல்விச் மறுக்கும்.

1989இல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அறிவியலின் 17 அடைவு இலக்குகளில் ஒன்றாக 'உயிரின் வகைமை' தனித் தலைப்பில் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இலக்குகள் குறைக்கப்பட, அத்தலைப்பு உயிர்ச் செயல்முறைகளுக்குள் கரைந்தது. அது ஒரு பின்னடைவே. 2014 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் 'உயிரினங்களும் அவற்றின் வாழிடங்களும்' என்ற அலகு 2, 4, 5, 6 ஆகிய வகுப்பு ஆண்டுகளில் வருகிறது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் கல்லுக்கடியிலும் சருகுக்கடியிலும் உள்ள நுண்வாழிடங்களைத் தேடுகிறார்கள், எளிய உணவுச் சங்கிலி வரைகிறார்கள். சூழ்நிலை மண்டலத்தில் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதும் பல்லுயிர் காப்பின் தேவையும் 11 வயதுக்குப் பின்னரே வருகின்றன.

வாழிடம் முதலில், கோட்பாட்டுச் சொல் பிறகு என்ற இவ்வொழுங்கு டல்விச்சில் நடந்த ஒழுங்கே. அங்கரின் நூல் 1926ஆம் ஆண்டுக் கையேட்டை விளக்குகிறது. 1923, 1946 நூல்களையும் கல்வி வாரியத்தின் 1922ஆம் ஆண்டுச் சிறுநூலையும் விளக்கவில்லை. லண்டன் பள்ளிகளில் சூழ்நிலை மண்டலக் கல்வியின் தொடக்கத்தை 1935 என்று குறிக்கும் கால அட்டவணைகளைக் குறைந்தது 1922க்கேனும் முன்தள்ளித் திருத்த வேண்டும்.