ஒரே பாட்டு, பல இரவுகள்



ஒரு சங்கீதக் கோஷ்டியின் சரித்திரத்தை அதன் ரசிகர்களுடைய ஒலிநாடாக்களே பெரும்பாலும் காப்பாற்றித் தந்த விந்தையைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். 1965இல் அமெரிக்காவின் காலிபோர்னியாவில் தோன்றிய 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் ராக் இசைக் குழுவே அது. கிதார் வித்வான் ஜெர்ரி கார்சியா 1995இல் மறையும்வரை அக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. ஒரே பாட்டை இரண்டு இரவுகளில் ஒன்றுபோல் அவர்கள் வாசித்ததில்லை.

'டார்க் ஸ்டார்' என்ற பாட்டைப் பாருங்கள். 1968இல் இசைத்தட்டாக வந்தபோது அது 3 நிமிடங்கள்கூட இல்லை. மறு ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதுவே 23 நிமிடங்களாக விரிந்தது. 1972 ஆகஸ்டு 27 அன்று, ஆரெகன் மாநிலத்து வெனிடாவில், கடும் வெயிலில் நிகழ்ந்த கச்சேரியில் 30 நிமிடங்களையும் தாண்டிற்று. நீளம் மட்டுமா வேறுபட்டது? 1969இல் டிரம் வாசித்தோர் இருவர், 1972இல் ஒருவரே. அந்த ஒருவரின் இலேசான தாளத்தில் மற்ற வாத்தியங்கள் தாராளமாக நடமாடுவதைக் கேட்கலாம். (அப்போது விலகியிருந்த மிக்கி ஹார்ட் பின்னர் திரும்பினார். 1991இல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் நம் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார்.)

இவற்றை ஒப்பிடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நாம் ஒப்பிடுவது இரவுகளை அல்ல, நாடாக்களை. ரசிகர்கள் கூட்டத்தினிடையே ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்துப் பதிந்தார்கள். குழுவினர் அதைத் தடுக்கவில்லை. 1984இல் அவர்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கினார்கள். விற்கலாகாது, பண்டமாற்றுச் செய்யலாம் என்பதே வழக்கம். இவ்வகை நாடாவில் மண்டபத்தின் எதிரொலியும் அண்டையிலிருப்பவர் பேச்சும் சேர்ந்துவிடும். பிரதிக்குப் பிரதி இரைச்சலும் கூடும். மேடையின் ஒலிக் கருவியிலிருந்து நேரே எடுத்த நாடாவிலோ ஒவ்வொரு வாத்தியமும் தெளிவு. ஆனால் சபையின் ஆரவாரம் எங்கோ தொலைவில்.

குழுவின் ஒலிப்பதிவாளர்களுள் பெட்டி கான்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி இவ்விதத்தில் ஈடற்றவர். அவர் சேமித்து வைத்திருந்த நாடாக்கள், கிடங்கின் வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலம் போயின. வாங்கியவர்கள் மூலம் பிரதிகள் பரவின. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியை அவரே பதிந்திருந்தார். அதைத் தலைசிறந்த இரவென்று கூறுவோர் பலர். 2011இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

அந்தப் புகழில் வாசிப்பின் பங்கு எவ்வளவு, தெளிவின் பங்கு எவ்வளவு? மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த ஐயம் புதிதன்று. சுத்தமாகத் தட்டச்சான பிரதியே நல்ல மொழிபெயர்ப்பாகத் தோன்றிவிடுவதுண்டு.

நல்ல வேளையாக, 2017இல் கார்னெலுடன் முந்தின நாள் பாஸ்டனிலும் மறுநாள் பஃபலோவிலும் நிகழ்ந்த கச்சேரிகளும் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. பதிந்த கை ஒன்றே; தெளிவும் ஏறக்குறைய ஒன்றே. அடுத்தடுத்துக் கேட்டால் கார்னெலின் ஏற்றம் சற்றுக் குறைகிறது என்பது என் கருத்து. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு அவர்கள் நழுவும் அந்த ஓரிடம் மட்டும் குறையவில்லை.